திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியில் தோப்புத் தவறணைகள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

திருக்கோணமலையின் வரலாற்றை ஆராய்ந்தோர் கோயில், கோட்டை, துறைமுகம் என்னும் மூன்றனையே பெரிதும் தம் ஆய்வின் நடுவாகக் கொண்டுள்ளனர். அஃது இயல்பே. கோணேசர் கோயில் 1622 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டமையும், அதன் கற்களைக் கொண்டு 1624 இல் அவர்கள் கோட்டை எழுப்பியமையும், அக்கோட்டையையும் துறைமுகத்தையும் கைப்பற்றும் பொருட்டு ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் மாறிமாறிப் பொருதமையும் இந்நகரின் வரலாற்றில் முதன்மையான நிகழ்ச்சிகளாம். எனினும், அத்துறைமுகத்திற் சுமை இறக்கியோரும், படகு வலித்தோரும், வலை இழுத்தோரும், கப்பற் பட்டறையிற் சம்மட்டி பிடித்தோரும் வேலை முடிந்த மாலைப் பொழுதில் எங்கே அமர்ந்தனர், யாரோடு அமர்ந்தனர், எதைப் பருகினர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன.

இவ்வினாக்களுக்கு விடை தேடுமிடத்து நாம் கள்ளுத் தவறணைகளை அணுகவேண்டியவராகின்றோம். குடியின் வரலாற்றை எழுதுதல் குடியைப் போற்றுதலாகாது. குடியால் அழிந்த குடும்பங்கள் பல. அவ்வழிவை மறைத்தெழுதும் வரலாறு முழுமையுடையதன்று. ஆனால், கள்ளருந்தும் இடம் ஒரு காலத்தில் மரநிழலும் மணல் முற்றமுமாக இருந்தமைக்கும், பின்னர் அது சுவருக்குள்ளும் வேலிக்குள்ளும் ஒடுங்கியமைக்கும் தெளிவான பொருளாதார, அரசியற் காரணங்கள் உண்டு. அக்காரணங்களை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைத் துறைகளில் மது

துறைமுகமும் மதுவும் இணைந்து நிற்றல் தமிழர்க்குப் புதிதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தை வருணிக்குமிடத்து, கடைத்தெருவிலும் துறையிலும் அசைந்த பல்வகைக் கொடிகளுள் நறவு விற்குமிடத்துக் கொடியையும் எடுத்துக் கூறுகின்றது. மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை எழ, மணல் குவித்து மலர் சிதறிய முன்றிலையுடைய மனையாக அவ்விடம் காட்டப்படுகின்றது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தில் நுளைமகள் ஒருத்தி அரித்தெடுத்த முதிர்ந்த தேறலைப் பரதவர், சுட்ட குழல்மீனோடு வழிப்போக்கர்க்கு அளிக்கின்றனர். யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூறு குறிப்பதும், அரிக்கமேட்டு அகழ்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச் சாடிகள் கிடைத்தமையும் அறிஞர் நன்கறிந்தவை.

இச்சான்றுகளில் நாம் மனங்கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, குடியிடம் முன்றிலாகவும் மணற்பரப்பாகவும், அதாவது பலர் கண்ணிற்படும் வெளியாகவும் இருந்தமை. இரண்டாவது, மதுவோடு மீன் ஒரு தொடுகறியாக இணைந்தமை. மூன்றாவது, மதுவை ஆக்குவதிற் பெண்ணின் பங்கு மறைக்கப்படாமை. இம்மூன்றும் பிற்காலத்தில் எவ்வாறு மாறின என்பதைத் திருக்கோணமலையின் வரலாறு காட்டுகின்றது.

கள்ளும் சாராயமும்

கள்ளுக்கும் சாராயத்துக்கும் உள்ள வேறுபாடு வெறுஞ் சுவை வேறுபாடன்று. தென்னை அல்லது பனையின் பாளையைச் சீவி முட்டி கட்டி இறக்கப்படும் சாறு, காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியங்களால் மரத்தில் தொங்கும் பொழுதே புளிக்கத் தொடங்குகின்றது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு நின்று இனிய கருப்பநீர் கிடைக்கும்; தடவாவிடிற் கள்ளாகும். சில மணி நேரத்தில் அதன் மதுவளவு நூற்றுக்கு நான்கு முதல் ஆறு வரை உயரும். ஒரு நாளைக்கு மேற் செல்லின் அது காடியாக மாறும். ஆகவே கள்ளைச் சேமித்து வைக்கவோ தொலைதூரத்திற்கு அனுப்பவோ பண்டைக் காலத்தில் வழியிருக்கவில்லை. மரம் நின்ற இடத்தின் அயலிலேயே, இறக்கிய நாளிலேயே அது விற்றுத் தீரவேண்டும். தோப்பின் ஓரத்திற் கிடுகு வேய்ந்து நாற்புறமும் திறந்த கொட்டிலொன்றோ, கொட்டிலும் இன்றி மரநிழலோ கள்ளுக்கடையாக அமைந்தமைக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

சாராயமோ கள்ளை வடித்துப் பெறப்படுவது. இன்று போத்தலில் விற்கப்படும் சாராயத்தின் மதுவளவு ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகும். அது கெடாது, மரப் பீப்பாவில் ஆண்டுக்கணக்கிற் கிடந்து முதிரும், கப்பலேறும், அளந்து வரி விதிக்க ஏற்றது. இலங்கையில் அதன் உற்பத்தி தென்னை செறிந்த மேற்குக் கரையில், குறிப்பாகக் களுத்துறைப் பகுதியில், நிலைகொண்டது. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் அங்கிருந்து சென்னைக்கும் சாராயம் ஏற்றுமதியாயிற்று. கள் மரத்தைச் சார்ந்து நின்ற மது எனின், சாராயம் களஞ்சியத்தையும் கணக்கேட்டையும் சார்ந்து நின்ற மது எனலாம். களஞ்சியத்துக்குச் சுவரும் பூட்டும் வேண்டும். குடியிடம் சுவருக்குட் சென்றமையின் தொடக்கத்தை நாம் இங்கே காண்கின்றோம்.

தவறணை என்னும் சொல்லும் குத்தகை முறையும்

ஈழத்துத் தமிழில் மதுக்கடையைக் குறிக்கும் தவறணை என்னும் சொல் தமிழ்நாட்டு வழக்கிற் பரவலாக இல்லை. போர்த்துக்கேயத்திலும் ஒல்லாந்திலும் ஆங்கிலத்திலும் வழங்கும் ஒரே இலத்தீன் வேர்ச்சொல்லின் வழிவந்தது இது. அதன் ஈற்றுயிரை நோக்குமிடத்து ஆங்கிலத்தினும் முந்திய தொடர்பு ஒன்றை அது உணர்த்துவதாகக் கொள்ளுதல் பொருந்தும். கள்ளுக்குத் தமிழில் நறவு, தேறல், மட்டு, பிழி எனப் பல பெயர் இருந்தும், கள் விற்கும் இடத்துக்கு அந்நியப் பெயர் நிலைத்தமை கருத்திற் கொள்ளத்தக்கது. விற்கப்பட்ட பொருள் உள்ளூரினது; விற்கும் உரிமையை வழங்கியோர் வெளியார் என்னும் உண்மை அச்சொல்லிற் பொதிந்துள்ளது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தான் ஆண்ட கரையோரப் பகுதிகளிற் பல வரிகளைக் குத்தகைக்கு விட்டது. மது விற்பனை உரிமையும் அவற்றுள் ஒன்று. 1795 இல் திருக்கோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர் அம்முறையைக் கைவிடாது விரிவுபடுத்தினர். குறித்ததொரு பகுதியிற் சாராயம் விற்கும் தனியுரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடிய தொகை கேட்டவர் குத்தகைக்காரர் ஆனார். செலுத்திய தொகையை மீட்டு இலாபமும் பெறவேண்டியவராதலின், கூடிய அளவு விற்பதே அவர் நோக்கமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிற் சாராயக் குத்தகை உள்நாட்டு முதலாளிகள் சிலரின் செல்வத்துக்கு ஊற்றுக்கண்ணாக இருந்தமையைக் குமாரி ஜயவர்த்தன 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். இதன் மறுபக்கமே நமக்கு இங்கு வேண்டற்பாலது. குத்தகைக்காரருக்குத் தோப்புக் கள் ஒரு போட்டிப் பொருள். ஏறி இறக்கியவனே விற்றுவிடும் கள்ளை அவராற் கட்டுப்படுத்தல் அரிது. எனவே உரிமம் இன்றி விற்கப்பட்ட கள் களவுப் பொருளாயிற்று. மரநிழல் சட்டத்துக்குப் புறம்பான இடமாயிற்று.

கடற்படையும் குடியும்

திருக்கோணமலையின் தனித்தன்மை அதன் கடற்படைத் தளமாகும். பிரித்தானியக் கடற்படையிற் குடி ஒரு பங்கீட்டுப் பொருளாக இருந்தது. 1731 ஆம் ஆண்டு விதிகள் மாலுமி ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு கலன் பியரையோ, அதற்கீடாக அரைப் பைந்து பிரண்டி, ரம், சாராயம் ஆகியவற்றுள் ஒன்றையோ வழங்க இடமளித்தன. கீழைக் கடல்களிற் சாராயமே கைக்கெட்டியதாதலின் அதுவே பெரும்பாலும் வழங்கப்பட்டது. 1740 இல் தளபதி வேர்ணன் ரம்மை நீர் கலந்து கொடுக்க ஆணையிட்டார். 1824 இல் பங்கு பாதியாகவும், 1850 இல் மீண்டும் பாதியாகவும் குறைக்கப்பட்டது. 1970 யூலை 31 ஆம் நாளோடு அவ்வழக்கம் முற்றாக ஒழிந்தது. அதற்குப் பதின்மூன்றாண்டு முன்னரே, 1957 அக்டோபரில், பிரித்தானியக் கடற்படை திருக்கோணமலைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துவிட்டது.

கப்பலிற் குடி கட்டளைக்கு உட்பட்டது. குறித்த வேளையில், குறித்த அளவில், நின்றநிலையிற் பருகப்படுவது. கரைக்கு வந்த மாலுமி நாடியது அதற்கு எதிரான ஒன்றை: அமர்ந்திருக்க நிழல், காற்று, உரையாட்டு. கடற்படையினர்க்கென முகாமுக்குள் கன்ரீன்களும், அதிகாரிகளுக்கெனக் கழகங்களும் அமைந்தன. உட்துறைமுகத்தை நோக்கிய உவர்மலைச் சரிவும் கோட்டையை அடுத்த கடற்கரையும் மாலைக் காற்றுக்குப் பேர்போனவை. ஆனால் தளத்தின் எல்லைக்குள் அடங்கிய நிலமும் கரையும் ஊரார்க்குத் திறந்தவையல்ல. காட்சி நல்ல இடங்கள் சீருடையினருக்கும், காட்சியற்ற இடங்கள் கூலியாட்களுக்கும் என ஒரு பிரிவினை இதனால் ஏற்பட்டது. உட்துறைமுகத்திற் பெரிய சோபர், சிறிய சோபர் எனப் பெயரிய தீவுகள் இரண்டு உள. ஆங்கிலத்தில் அச்சொல் மதுமயக்கம் அற்ற நிலையைக் குறிக்கும். அத்தீவுகளைச் சூழ நங்கூரமிட்ட கப்பல்களில் நாள்தோறும் ரம் அளக்கப்பட்டமை வரலாற்றின் நகைச்சுவை போலும்!

இரண்டாம் உலகப்போர் இந்நகரின் மக்கட்டொகையையும் வாழ்க்கையையும் புரட்டியது. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. 1944 இல் கிழக்குக் கடற்படை மீண்டும் இங்கு நிலைகொண்டது; அவ்வாண்டு ஏப்பிரலிற் சபாங் துறையைத் தாக்க இங்கிருந்து புறப்பட்ட அணியிற் பிரித்தானியக் கப்பல்களோடு அமெரிக்க, பிரெஞ்சு, ஒல்லாந்த, அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் கப்பல்களும் இருந்தன. இத்தகைய படைத்திரளுக்கு வேலை செய்வதற்கு இலங்கையின் பல பாகங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். கையிற் கூலியும், குடும்பத்தைப் பிரிந்த தனிமையும், மாலைப் பொழுதும் சேர்ந்தவிடத்துத் தவறணை பெருகுதல் இயல்பு. 1957 இன் பின் கப்பற்றளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நெருக்கடிக்குள்ளாயின. அவர்களின் கூலியை நம்பியிருந்த சிறுகடைகளும் அந்நெருக்கடிக்குத் தப்பவில்லை.

தோப்பின் சமூகம்

கடற்படையின் எல்லைக்கு அப்பால், உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என வடக்கே நீளும் மணற்கரையிலும், கொட்டியாரக்குடாவின் தெற்கேயும் தென்னையும் பனையும் நின்றன. இங்கு கள்ளருந்துதல் காலத்துக்குக் கட்டுப்பட்டது. மரமேறுவோர் காலையும் மாலையும் ஏறுவர். இறக்கியது தீர்ந்ததும் கடையும் தீர்ந்தது. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மணலில் அமர்தல் இனிது. வாடைக்காற்றோடு மாரி தொடங்கியதும் வெளியிற் கூடுதல் குறையும். தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக்கரையிற் கடல் கொந்தளிக்கும் காலத்தில் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தங்குதல் நெடுங்கால வழக்கம். அவர்களும் உள்ளூர் மீனவரும் மொழி வேறுபாட்டைக் கடந்து ஒரே முட்டியைச் சூழ அமர வாய்ப்பளித்த இடங்களுள் தோப்பும் ஒன்றாகும்.

எனினும் தோப்பைச் சமத்துவத்தின் களமாகக் காட்டுதல் மிகையாகும். ஈழத்துத் தமிழ்ச் சமூகத்தில் மரமேறும் தொழில் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. அத்தொழிலைச் செய்தோர்க்குக் கோயில் வாயிலும் தேநீர்க்கடை ஆசனமும் மறுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் 1966 முதலாக எழுந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் அம்மறுப்புக்கு எதிராகவே நிகழ்ந்தன. அத்தகையோர் இறக்கிய கள்ளை உயர்சாதியினர் எனப்பட்டோர் தேடிச் சென்று பருகினர். ஆனால் அவர்தம் வீட்டில் ஒரு செம்பு நீர் அருந்த மறுத்தனர். இம்முரண்பாட்டைத் தீர்த்துவைத்த கருவி பிளா. பனையோலையை மடித்துச் செய்யும் இக்குவளை ஒருமுறை பருகியபின் எறியப்படுவது. ஓலையின் மணம் கள்ளுக்குச் சுவை சேர்க்கும் என்பது உண்மையே. அதனோடு, ஒருவர் வாய்வைத்த கலத்தை மற்றவர் தொடாதிருக்கவும் அது வழிசெய்தது. திறந்தவெளியும் இவ்வாறே பயன்பட்டது: வீட்டினுள் நுழையாமலே கொள்வதற்கு முற்றம் இடமளித்தது. சுவரின்மை எப்பொழுதும் வேற்றுமையின்மை ஆகாது என்பதை நாம் மறத்தலாகாது.

அங்ஙனமாயினும், தோப்பு ஒருவகைக் கட்டுப்பாட்டைத் தன்னகத்தே கொண்டிருந்தது. மது மென்மையானது, அளவு மரத்தால் வரையறுக்கப்பட்டது, குடிப்பவன் ஊரார் கண்ணிற்பட்டான், சுட்ட மீனோ அவித்த கடலையோ வயிற்றில் இருந்தது, இருட்டியதும் கூட்டம் கலைந்தது. நல்லதொரு குடியிடத்தின் இலக்கணம் யாதெனக் கேட்பின், இவ்வைந்தையும் நாம் கூறலாம். சாராயக்கடையின் மூடிய அறை இவ்வைந்தனையும் இழந்தது.

கண்டனமும் அதன் விளைவும்

கள்ளைக் கடிதல் தமிழ் மரபில் வலிமையான குரல். திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓரதிகாரம் வகுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் பாலபாடத்திற் சிறுவர்க்கும் அதனை எடுத்துரைத்தார். கிறித்தவ மிசனரிமாரும் மதுவிலக்கைப் போதித்தனர். 1904 இலும், மீண்டும் 1912 ஐ ஒட்டியும் இலங்கையில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் தேசிய உணர்ச்சியின் முன்னோடியாக வரலாற்றாசிரியராற் கணிக்கப்படுகின்றது. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையைச் சீர்திருத்த முற்பட்டது. கள்ளையும் சாராயத்தையும் வேறுவேறு கடைகளில் விற்கச் செய்யும் நோக்கில் அரசு புதிய கள்ளுத் தவறணைகளைத் திறக்க முனைந்தமை கிளர்ச்சியைத் தூண்டியது. வாக்கெடுப்பால் தவறணையை மூடும் உரிமை பின்னர் மக்களுக்குக் கிடைத்தது.

இவ்வியக்கத்தின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. குடித்தழிந்த கூலியின் சுமையை மனைவியும் மக்களுமே தாங்கினர். ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. கடை மூடப்பட்ட ஊர்களிற் குடி அற்றொழியவில்லை; களவாக வடித்த கசிப்பு அவ்விடத்தை நிரப்பியது. கசிப்பு இருளில் விற்கப்படுவது, விரைந்து விழுங்கப்படுவது, அதனில் என்ன கலந்துள்ளதென அறிய முடியாதது. மரமேறியோர் பிழைப்பையும் இழந்தனர். வடக்கில் 1972 ஐ ஒட்டி மரமேறுவோர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியமையும், 1978 இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டமையும் அப்பிழைப்பை மீட்கும் முயற்சிகளாக அமைந்தன.

பெண்ணின் நிலை மேலும் குறுகியது. தவறணை வளவினுட் பெண்ணுக்கு மது விற்றலைத் தடுக்கும் விதி 1979 இல் ஆக்கப்பட்டது. 2018 சனவரியில் நிதியமைச்சர் அத்தடையை நீக்கினார். சில நாட்களுள்ளேயே சனாதிபதியின் பணிப்பால் அந்நீக்கம் கைவிடப்பட்டது. தேறலை அரித்த நுளைமகளின் வழிவந்தோர், தேறல் விற்கும் கடைக்குள் சட்டப்படி வரவேற்பற்றோராயினர்.

போரும் அதன் பின்னும்

1970 களில் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் உல்லாசப் பயண விடுதிகள் எழுந்தன. 1983 இன் வன்செயல்கள் அம்முயற்சியைச் சிதைத்தன. தொடர்ந்த போரும் சோதனைச் சாவடியும் ஊரடங்கும் மாலையில் வெளியே கூடியிருத்தலையே அச்சத்துக்குரியதாக்கின. 2006 சனவரி 2 ஆம் நாள் நகரக் கடற்கரையிற் காந்தி சிலைக்கு அருகே காற்று வாங்கிக்கொண்டிருந்த தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்கள் செய்ததெல்லாம் மாலையிற் கடற்கரையில் நண்பரோடு அமர்ந்தமையே. வெட்டவெளியில் அச்சமின்றி அமர்தல் எத்துணை அரிய உரிமை என்பதை இந்நகரத்தார்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னரே, 2004 திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தின் வாடிகளையும் குடியிருப்புகளையும் வாரிச் சென்றிருந்தது.

2009 இற் போர் முடிந்தபின் விடுதிகள் மீண்டும் பெருகின. மணலில் நாற்காலி இட்டு, கடலை நோக்கி, குளிர்ந்த பியரோடு அமரும் இன்பம் இன்று பயணிக்கு விற்கப்படுகின்றது. பட்டினப்பாலையின் மணல் முன்றிலும் பொரித்த மீனும் அங்கே மீண்டு வந்துள்ளன எனலாம். வந்தவிடத்து அவற்றின் விலை மீன் பிடித்தவனின் கைக்கு எட்டாததாயிற்று. சோபர் தீவிலும் இன்று கடற்படை நடத்தும் விடுதி உண்டு. கூலியாளுக்கு எஞ்சியிருப்பது கள்ளுத் தவறணையும், உரிமம் பெற்ற சாராயக்கடையின் முகப்பும், சட்டத்துக்கு ஒளித்த கசிப்புமே. கடற்படைக் காலத்திற் சீருடை வகுத்த எல்லையைப் பின்னர்ப் பணம் வகுத்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவாகும். குடியிடம் திறந்தவெளியாக இருந்தமைக்குக் கள்ளின் இயல்பு காரணம். மூடிய அறையாக மாறியமைக்கு வரியும் குத்தகையும் காரணம். கடலைக் காணும் மணல்வெளி யாருக்கு என்பதை முதலிற் கடற்படையும், பின் போரும், இறுதியில் உல்லாசப் பயண வணிகமும் தீர்மானித்தன. குடியை ஒழித்தல் வேண்டுமா, ஒழுங்குபடுத்தல் வேண்டுமா என்னும் வாதத்தில் இவ்வரலாறு கருத்திற் கொள்ளப்படவேண்டும். மென்மையான மதுவை, உணவோடு, ஒளியுள்ள இடத்தில், ஊரார் முன்னிலையில் அருந்திய முறையை அழித்துவிட்டு, வன்மையான மதுவை மறைவில் அருந்தும் முறையை வளர்த்தமைக்கு அரசின் வருவாய் வேட்கையும் சமூகத்தின் பாசாங்கும் ஒருங்கே பொறுப்பாவன.

இத்துறையில் விரிவான ஆய்வு இனித்தான் தொடங்கவேண்டும். மதுவரித் திணைக்கள அறிக்கைகள் தொகையையும் வருவாயையும் கூறுமேயன்றி, தோப்பில் அமர்ந்தோரின் பேச்சைக் கூறா. முட்டியின் வகைகளையும், பாளை பதப்படுத்தும் முறையையும், கள்ளின் சுவைக்கு இட்ட பெயர்களையும், தவறணையில் நடந்த வழக்குத் தீர்ப்புகளையும் அறிந்த முதியோர் இன்றும் உப்புவெளியிலும் மூதூரிலும் உளர். அவர்தம் நினைவுகள் அவரோடு மறைதல் கூடாது. கோயிற் கல்வெட்டைப் படியெடுக்கும் ஆர்வத்தோடு அவற்றையும் திருக்கோணமலை மாணவர் பதிவுசெய்ய முன்வருவாராக.